இறுகிய கைக்கடிகாரம்

அத்தியாயம் 6

உலக விளையாட்டு வரலாற்றையும் மன்னார்குடி வட்டார நெல் அரைவை வரலாற்றையும் ஒரே சமயத்தில் தலைகீழாகப் புரட்டிப் போடப்போகும் ஒரு மாபெரும் உண்மை இந்த அத்தியாயத்தில் அம்பலமாகிறது என்பதை வாசக அன்பர்களுக்குப் பணிவன்புடன் அறிவித்துக்கொள்கிறோம். இதயம் பலவீனமானவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கலாம். ஒரு டம்ளர்தான். அதற்கு மேல் வேண்டாம். காரணம் போகப் போகத் தெரியும்.

இத்தனை தடபுடலான அறிவிப்பு தேவைப்படுவதற்குக் காரணம் பஞ்சநதம். அவர் தும்முவதாக இருந்தால்கூட அதற்கு முன் ஒரு நோட்டீஸ் அடித்து விநியோகிக்கிற ஆசாமி. பரம்பரையாக ரைஸ் மில். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கி, கண்டதையும் பாட்டிலில் அடைத்து விற்றுக் கொழிப்பதைப் பார்த்து, நாமும் எதையாவது அடைத்தாக வேண்டும் என்று அவருக்குக் கை அரித்தது. தவிட்டு மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையைக் காலி செய்து ஒரு மிஷினை நிறுத்தினார். அந்த மிஷின் பெற்றெடுத்த பிள்ளைதான் 'சோழா சார்ஜ்'. ஓட்டக்காரர்களுக்கென்றே விஞ்ஞான முறைப்படி தயாரிக்கப்பட்ட பானம். நிறம் நீலம். பாட்டிலில் கிரீடம் வைத்த ஒரு ராஜா கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிற படம். எந்தப் பகைவனுக்குப் பயந்து ஓடுகிறார் என்று போடவில்லை.

பானத்துக்கு விளம்பரம் வேண்டுமே. அதற்காக ஒரு மாரத்தானையே நடத்திவிட்டார். மன்னார்குடியில் புறப்பட்டு, கூத்தாநல்லூரைத் தொட்டு, கிராமங்கள் வழியாகச் சுற்றி, போன வழியிலேயே திரும்பி வரும் ஓட்டம். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லை மிதித்துவிடாமல் அறுபது பேர் தாண்டித் தாண்டி ஓடினார்கள். ஐம்பத்தொன்பது பேர் நீல நாக்கோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவன் சேரவில்லை.

திங்கட்கிழமை காலை, அந்த ஒருவனுக்காகத்தான் தஞ்சாவூரிலிருந்து துப்பறியும் நிபுணர் இளையபெருமாள் வரவழைக்கப்பட்டிருந்தார். கூடவே அவருடைய உதவியாளர் ஃபஹ்மிதாவும் வந்திருந்தாள். அவள் கூத்தாநல்லூர்க்காரி. தினமும் மன்னார்குடி வரை மொபெட், அங்கிருந்து தஞ்சாவூருக்கு பஸ். அன்றைக்குத்தான் வேலை அவள் வீட்டுப் பக்கமாக வந்திருந்தது.

இளையபெருமாள் தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு ஃபோட்டோ கடைக்கு மேல் அலுவலகம் வைத்திருந்தார். போர்டில் கொலை, கொள்ளை, சதி என்று வரிசையாக எழுதியிருந்தாலும், நடைமுறையில் வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு வேலைதான்: மாப்பிள்ளை விசாரணை. துபாய் என்கிறானே, நிஜமாகவே துபாயா, அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்பதைத் துருவிச் சொல்வது. இன்று அபூர்வமாக ஒரு விஷ வழக்கு கிடைத்ததில் அவர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். மடிப்பு கலையவில்லை என்பதை ஃபஹ்மிதா கவனித்தாள். கடையில் குத்திய குண்டூசி ஒன்று காலரில் இன்னும் இருந்ததையும் கவனித்தாள்.

பஞ்சநதம் தன் மில் ஆபீஸ் மேஜையில் இரண்டு பாட்டில்களை வைத்தார். ஒன்றில் நீலம். மற்றதில் தண்ணீர்.

"பாருங்க. தண்ணிங்கிறது என்ன? ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். முடிஞ்சு போச்சு. ஓடுறவனுக்கு வெறும் தண்ணி கொடுக்கிறது, லாரிக்கு டீசல் போடாம ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துற மாதிரி."

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தலைன்னாலும் லாரி நின்னுடும் சார்," என்றாள் ஃபஹ்மிதா.

பஞ்சநதம் இளையபெருமாளைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு?"

"என் உதவியாளர். நீங்க விஷயத்துக்கு வாங்க."

விஷயம் இதுதான். சமீர் என்ற இளைஞன், முத்துப்பேட்டைக்காரன், துபாயில் ஒரு கிடங்கில் வேலை. லீவில் வந்தவன் ஓட்டத்தில் கலந்துகொண்டான். திரும்பி வருகிற வழியில், கூத்தாநல்லூர் தாண்டி வாய்க்கால் மதகடியில் டீக்கடை வைத்திருக்கும் அம்சம் என்பவளின் கடை வாசலில் விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது. இப்போது மன்னார்குடியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் அரை மயக்கத்தில் கிடக்கிறான். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், ஆளைத் தெரியவில்லை.

"அந்தப் பொம்பளை சொம்பைத் தூக்கி அவன் வாய்கிட்ட கொண்டு போனதை எங்க பேனர் பையன் பார்த்திருக்கான். குடிச்சு அஞ்சாவது நிமிஷம் அவுட். தண்ணியில என்னமோ கலந்திருக்கா."

"அவங்களுக்கு சமீர் மேல என்ன கோபம்?"

"அவன் மேல இல்லைங்க. என் மேல. ரூட்ல சோழா சார்ஜ் தவிர வேற எதுவும் வைக்கக் கூடாதுன்னு ஆள் அனுப்பிச் சொன்னேன். கேக்காம ஒரு பானைத் தண்ணிய வாசல்ல வச்சிருக்கா. எடுறின்னா, 'வாய்க்காலையும் எடுக்கச் சொல்லுவாரா உங்க மொதலாளி'ன்னு கேட்டாளாம். திமிரு. என் பேரைக் கெடுக்கணும்னே பண்ணிட்டா. இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன், சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாரு. நீங்க தண்ணிதான் காரணம்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துட்டா போதும். ஆறு மணிக்கு சிங்கப்பூர் பார்ட்டி வர்றாங்க, ஏஜென்சி பேச. பேப்பர்ல என்ன போட்டிருக்கான் பாத்தீங்கள்ல? 'சோழா சார்ஜ் குடித்து ஓடிய வாலிபர் மயக்கம்.' தண்ணி குடிச்சு மயங்கினான்னு போட வேண்டாமா?"

"ரிப்போர்ட்டை முன்னாலயே எழுதிட்டா, விசாரிக்கிற செலவு மிச்சம் சார்," என்றாள் ஃபஹ்மிதா.

பஞ்சநதம் அதை ஒரு நல்ல யோசனையாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

பிறகு தடயங்கள் என்று சொல்லி ஒரு அட்டைப் பெட்டியை நகர்த்தினார். நர்சிங் ஹோமில் கொடுத்தவையாம். ஈரம் காயாத பனியன், ஷூ, இரும்புப் பட்டை போட்ட ஒரு வெளிநாட்டுக் கைக்கடிகாரம். பட்டையை நடுவில் வெட்டியிருந்தார்கள்.

ஃபஹ்மிதா அதை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கடிகாரத்தைத் தெரியும். சமீரையும் தெரியும். கூத்தாநல்லூர் ஜன்னத் பீவியின் மகள் அஃப்ரீனுக்கு அவனைப் பேசியபோது, விசாரித்து ரிப்போர்ட் எழுதியவளே அவள்தான். 'நல்ல பையன். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் மறுக்கத் தெரியாதவர்' என்று எழுதியிருந்தாள். நிச்சயத்தன்று பெண் வீட்டார் இந்தக் கடிகாரத்தைக் கட்டிவிட்டதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

"இதை ஏன் சார் வெட்டினாங்க?"

"கையில இறுகிப் போச்சாம், கழட்ட வரலையாம். அதுக்கென்ன இப்ப? தண்ணியை விசாரிங்கம்மா, தண்ணியை."

மொபெட்டை ஃபஹ்மிதா ஓட்டினாள். துப்பறியும் நிபுணர் பின்னால் கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே வைக்கோல் லாரி வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். ரோட்டோரச் சுவர்களில் சோழா சார்ஜ் போஸ்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு போஸ்டர். தொல்பானப் பேரவைத் தலைவர் பேராசிரியர் இராஜாங்கம் விடுக்கும் அறைகூவல்: 'நெடுந்தூரம் ஓட நீராகாரம் ஒன்றே போதும்.' பேராசிரியர் கடைசியாக ஓடியது எப்போது என்று போஸ்டரில் இல்லை. அவர் வீட்டு கேட்டிலிருந்து கார் வரைக்குமே அவரைப் பிள்ளைகள் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் நடத்துகிறார்கள் என்பது ஃபஹ்மிதாவுக்குத் தெரியும்.

மதகடியில் அம்சத்தின் கடை திறந்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. ஒரே நாளில் ஊர் அவள் டீயைக் குடிப்பதை நிறுத்தியிருந்தது.

"நீங்களும் தண்ணியை எடுத்துட்டுப் போகத்தான் வந்தீங்களா?" என்றாள் அம்சம். "நேத்தே போலீஸ்காரரு ஒரு பாட்டில்ல புடிச்சிட்டுப் போனாரு. மீதியை நானும் எம்மவளும் குடிச்சு முடிச்சோம். செத்தா சொல்லி அனுப்புறோம்."

"நாங்க போலீஸ் இல்லம்மா," என்றார் இளையபெருமாள். "நடந்ததைச் சொல்லுங்க."

"சொன்னா யாரு கேக்குறா? அந்தத் தம்பி என்கிட்ட தண்ணியே குடிக்கலைங்க."

ஃபஹ்மிதா நிமிர்ந்தாள். "சொம்பை வாய்கிட்ட கொண்டு போனீங்கன்னு சாட்சி இருக்கேக்கா."

"கொண்டு போனேன். அது கையெடுத்துக் கும்புட்டுச்சு. 'வேணாம்க்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேணாம்'னுச்சு. தண்ணி கேட்டுக் கும்புடுறவங்களைப் பாத்திருக்கேன். தண்ணி வேணாம்னு கும்புட்ட ஆளை நேத்துதான் பாத்தேன். சரி, சூடு தணியட்டும்னு தலையில ஊத்தினேன். உக்காந்துச்சு. தலை வெடிக்குதுன்னுச்சு. 'அக்கா, இது எந்த ஊரு'ன்னு கேட்டுச்சு. அப்புறம் வாந்தி. பளிச்சுன்னு நீலம், சொட்டு நீலம் போட்ட தண்ணி மாதிரி. சாப்பாடு ஒரு பருக்கை கிடையாது."

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அந்தப் பையன் எந்திரிச்சுச் சொல்லட்டும்'னாரு. அது எந்திரிக்கலைன்னா?" அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எம்மவ பரிதி நர்ஸ் படிப்புல சேந்து மூணு மாசம்கூட ஆகலைங்க. விஷம் வச்சவ பொண்ணுகிட்ட யாரு சார் ஊசி போட்டுக்குவா?"

இளையபெருமாள் மதகுக் கட்டையில் போய் நின்றுகொண்டு வாய்க்காலைப் பார்த்தார். ஆழ்ந்து சிந்திக்கும்போது அவர் இடுப்பில் கை வைத்துக்கொள்வார்.

"விஷம் தண்ணியில இல்லை. நீலத்துல இருக்கு," என்றார் கடைசியில்.

"அறுபது பேரும் அதைத்தான் சார் குடிச்சாங்க. மத்தவங்க எல்லாம் இன்னைக்குக் காலையில நாக்கைத் தேய்ச்சுக்கிட்டு இட்லி சாப்பிட்டிருக்காங்க."

"ஒரு பாட்டில்ல மட்டும் கலந்திருக்கலாம்ல?"

"கலந்தவன் அந்த பாட்டிலை சரியா சமீர் கையில கொடுக்கணும். நடுவுல எத்தனையோ பேர் கை நீட்டுவாங்க."

"அப்ப மத்த ஐம்பத்தொன்பது பேர்கிட்ட இல்லாத ஒண்ணு சமீர்கிட்ட இருக்கு. அது என்ன?"

"மாமியார் வீடு," என்றாள் ஃபஹ்மிதா. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

கூத்தாநல்லூரில் ஜன்னத் பீவியின் வீடு மெயின் ரோட்டிலேயே இருந்தது. மாடியில் டிஷ் ஆன்டெனா, வாசலில் கிரில் கேட், உள்ளே அழுகை. ஆனால் அழுகைக்கு நடுவிலும் உபசாரம் நிற்கவில்லை. அவர்கள் உட்காரும் முன்பே தட்டில் இரண்டு வெள்ளி டம்ளர்கள் வந்தன. உள்ளே நீலம்.

"குடிங்க சார். குடிச்சிட்டுப் பேசுங்க. குடிம்மா ஃபஹ்மி."

இளையபெருமாள் மறுக்கப் பார்த்தார். ஜன்னத் பீவியின் முகம் மாறியதைக் கண்டு வாங்கிக் குடித்தார். சர்க்கரைப் பாகில் மூக்கடைப்பு மருந்து கலந்த சுவை.

"நேத்து மாப்பிள்ளை இந்தப் பக்கமா ஓடினப்ப பாத்தீங்களா மாமி?" என்று ஃபஹ்மிதா கேட்டாள்.

"பாத்தேனாவா? விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு வந்து வாசல்லயே நின்னோம்மா. இந்த ரோட்டுல முக்காவாசி நம்ம சொந்தம்தான். நிச்சயம் முடிஞ்சு மாப்பிள்ளை மொத மொத நம்ம தெருவுக்கு வர்றாரு. ஓடி வந்தா என்ன, கார்ல வந்தா என்ன, வர்றது வர்றதுதானே. மாப்பிள்ளைக்கு வெறும் தண்ணியையா நீட்டுறது? அதான் இந்த ஓட்டக்காரவங்க குடிக்கிற சர்பத்தையே பெட்டி பெட்டியா வாங்கி எல்லா வீட்டுக்கும் கொடுத்து வச்சோம்."

"எவ்வளவு குடிச்சார்?"

"ஒரே ஒரு டம்ளர்தான். ஓடுற புள்ளைக்கு வயிறு முட்டக் கொடுக்க எங்களுக்குத் தெரியாதா?"

"திரும்பி வர்றப்ப?"

"அப்ப ஒண்ணு. போறப்ப குடிச்சவரு வர்றப்ப குடிக்காமப் போனா மனசுல என்னமோ இருக்குன்னு ஆயிடாதா?"

அடுத்த வீடு ஜன்னத் பீவியின் நாத்தனாருடையது. அங்கேயும் வெள்ளி டம்ளர். அங்கேயும் "ஒரே ஒரு டம்ளர்தான் சார்." அதற்கடுத்த வீட்டில் பெரியம்மா முறை. "நாங்க ஒண்ணே ஒண்ணுதான் கொடுத்தோம். அவங்க வீட்டுல குடிச்சிட்டு எங்க வீட்டைத் தாண்டி ஓடினா நாங்க என்ன கேவலமா?" எதிர்ச்சாரியில் சின்னம்மா முறையான சாச்சி வீடு. சாச்சி தன் பெருமையை நிலைநாட்ட நன்னாரியும் கொஞ்சம் கலந்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் சாட்சியம் ஒரே மாதிரி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் துப்பறியும் நிபுணருக்கும் ஒரு டம்ளர் வந்தது. சாச்சி வீட்டில் அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டார். முகம் வெளிறியது.

"அம்மா, பின்கட்டு எங்க இருக்கு?"

குளிக்கிற தொட்டியில் பேருண்மை கண்ட ஒருவரைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதைவிடத் தாழ்ந்த ஒரு இடத்தில் உண்மையைக் கண்ட முதல் தமிழர் இளையபெருமாள். திரும்பி வந்தபோது அவர் நடை மாறியிருந்தது. வேகமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

"ஃபஹ்மிதா, மாப்பிள்ளை டம்ளரை வேணாம்னு சொன்னா என்ன ஆகும்?"

"போன வருஷம் ஒரு மாப்பிள்ளை ஒரு வீட்டுல இனிப்புக்கு வச்ச வட்டிலாப்பம் வேணாம்னாரு சார். அந்த வீட்டு ஆளுங்க கல்யாண ஆல்பம் பூரா முகத்தைத் திருப்பிக்கிட்டே நிக்கிறாங்க."

"இவர் எதையும் மறுக்கத் தெரியாதவர்னு நீதானே எழுதினே?"

"எழுதினேன். அதைப் படிச்சிட்டுத்தான் பொண்ணே கொடுக்க ஒத்துக்கிட்டாங்க."

"போறப்ப ஒவ்வொரு வாசலும். வர்றப்ப ஒவ்வொரு வாசலும். எல்லாரும் கொடுத்தது ஒரே ஒரு டம்ளர். நான் நாலு வீட்டுக்கே தாங்கலை. அவன் குடிச்சது ஒரு தவலை இருக்கும். மாமியார் சொந்தத்தைத் தாண்டினதும் முதல் தடவையா அவன் மறுக்கக்கூடிய ஒரு ஆள் வந்தாங்க. அம்சம். அதான் கும்பிட்டான். அந்த ரோட்டுல அவனுக்கு எதுவுமே குடிக்கக் கொடுக்காத ஒரே பொம்பளையைத்தான் சாயங்காலம் பிடிச்சிட்டுப் போகப் போறாங்க."

ஃபஹ்மிதாவுக்கு அதுவரை மனதில் உறுத்திக்கொண்டிருந்தது அப்போது பிடிபட்டது.

"சார், அந்த வாட்ச். நிச்சயத்துல கட்டினப்ப அது அவருக்குத் தொளதொளன்னு இருந்துச்சு. கையைத் தூக்கினா முழங்கை வரைக்கும் இறங்கும். ரெண்டு கண்ணியைக் கழட்டிச் சின்னதாக்கலாம்னு யாரோ சொன்னதுக்கு, மாமியார் வீட்டுல போட்டதைக் குறைச்சு மாட்டுறதான்னு அதுவும் வேணாம்னுட்டாங்க. நேத்து அதை வெட்டி எடுத்திருக்காங்க. ஓடி ஓடி வத்திப்போன ஆளோட கை எப்படி சார் பருத்துப் போகும்?"

"நேத்து வெயில் எப்படி?"

"வெயிலா? பனி சார். டம்ளர் நீட்டினவங்களே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் நீட்டினாங்க. குடிச்சது வேர்வையாப் போகக்கூட வழியில்லை."

சாச்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். புரியவில்லை. ஆனால் தங்கள் பங்கைச் சொல்லாமல் விட மனமில்லை.

"நாங்க ஒண்ணும் சும்மா இருக்கலை சார். நேத்துலேருந்து முறை வச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிட்டுத்தான் இருக்கோம். டாக்டரம்மா வெறும் வயித்தோட போட்டு வச்சிருக்கு. அது அந்தப் பக்கம் திரும்பறப்ப எல்லாம் ஸ்பூன் ஸ்பூனா வாயில விட்டுக்கிட்டு இருக்கோம். இப்பக்கூட எங்க அண்ணன் பொண்டாட்டி, எங்க மச்சி, பெரிய ஃப்ளாஸ்க்ல எடுத்துட்டுப் போயிருக்கா."

ஃபஹ்மிதா மொபெட்டை உதைத்தாள். திரும்பும் வழியில் இளையபெருமாள் வைக்கோல் லாரிகளுக்குக் கண்ணை மூடவில்லை.

நர்சிங் ஹோமின் மாடி அறையில் நோயாளியைப் பார்க்க இடமில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு கல்யாணப் பந்தி அளவுக்குக் கூட்டம். தலைமாட்டில் இளநீர், ஒரு கேனில் ஹஜ்ஜிலிருந்து வந்த ஜம்ஜம் புனித நீர், நான்கு பாட்டில் சோழா சார்ஜ். மச்சி ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றி, சமீரின் வாயருகே கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

இளையபெருமாள் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாகக் கொட்டினார். கீழே நின்ற யாரோ திட்டினார்கள்.

"இங்க ஒரு கொலை நடந்துக்கிட்டு இருக்கு," என்றார். வாழ்நாள் முழுக்கச் சொல்லக் காத்திருந்த வசனம். குரல் கொஞ்சம் கீச்சிட்டுப் போனதுதான் குறை.

டாக்டர் மலர்க்கொடி உள்ளே வந்தார். இளம் வயது, இரவெல்லாம் தூங்காத கண்கள். ரத்தத்தில் உப்பு பார்க்கிற வசதி அங்கே இல்லை. தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

"நேத்துலேருந்து வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் இவர் என்ன குடிச்சார்னு கேட்டுட்டேன்," என்றார். "எல்லாரும் ஒரே ஒரு டம்ளர்ங்கிறாங்க."

"எல்லாரும் உண்மைதான் சொன்னாங்க டாக்டர். அத்தனை உண்மையையும் கூட்டிப் பாருங்க."

அவர் சொல்லச் சொல்ல டாக்டரின் கை தானாகப் போய் ட்ரிப்ஸை நிறுத்தியது. சமீரின் மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத் தடத்தைப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டு, கெட்டியான உப்பு நீர் எடுத்து வரச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் வெளியில போங்க. உங்க டம்ளரையும் எடுத்துட்டுப் போங்க," என்றார். அந்தக் குரலுக்கு மச்சியும் எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு பஞ்சநதம் வந்து சேர்ந்தார். "என்ன சார், தண்ணிதான்னு எழுதிட்டீங்களா?"

"தண்ணியே குடிக்கலை," என்றார் இளையபெருமாள். "பூரா உங்க சரக்குதான்."

பஞ்சநதம் தலைமாட்டிலிருந்த ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "எங்க சரக்கு எப்படிங்க? அதுல எலக்ட்ரோலைட் இருக்கு. உப்பு இருக்கு. லேபிளைப் படிங்க."

"படிச்சேன்," என்றார் மலர்க்கொடி, ஊசியைத் தயார் செய்துகொண்டே. "ரத்தத்துல இருக்கிற உப்புல ஏழுல ஒரு பங்குகூட இதுல கிடையாது. மீதி சர்க்கரை, சாயம், தண்ணி. மடையைத் திறந்துவிட்டு வயலை முழுகடிச்சா போட்ட உரமெல்லாம் கரைஞ்சு போயிடும்ல, அந்த மாதிரி இவர் ரத்தத்துல உப்பு நீத்துப் போச்சு. மூளை ஊறி வீங்கினதுல வந்த வலிப்பு இது. விஷம் எதுவும் இல்லை."

"அப்ப வெறும் தண்ணி குடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்கிறீங்க?"

"இவ்வளவு தண்ணி குடிச்சிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்."

பஞ்சநதத்தின் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "இதே ஆயிருக்குமா? அப்ப தண்ணியும் ஆபத்துன்னு போடலாம்ல? டாக்டரே சொன்னதா?"

"போடலாம் சார்," என்றாள் ஃபஹ்மிதா. "சிங்கப்பூர்க்காரங்ககிட்ட, எங்க பானம் தண்ணியைவிட மோசம் இல்லைன்னு தைரியமா சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா சொல்றது சரி. ஆனா புகார் இருக்கு, சாட்சி இருக்கு. சொம்பைத் தூக்கினதா அந்தம்மாவே ஒத்துக்குது. பையன் வாயால சொன்னாத்தான் நான் ஜீப்பைத் திருப்ப முடியும்."

ஆகவே எல்லோரும் காத்திருந்தார்கள். கெட்டி உப்பு நீர் மெல்ல மெல்ல இறங்கியது. வெளியே வராந்தாவில் சொந்தங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மடியில் டம்ளர்கள். ஒருவரும் குடிக்கவில்லை. இரண்டு முறை பஞ்சநதம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முறை தாகத்தில் சோழா சார்ஜ் பாட்டில் ஒன்றைத் திறக்கப் போனவர், எல்லோரும் பார்ப்பதைக் கண்டு மூடி வைத்துவிட்டு, நர்ஸிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். பிறகு அதையும் குடிக்கத் தயங்கினார்.

வெயில் சாய்கிற நேரத்தில் சமீர் கண்ணைத் திறந்தான். இந்த முறை அது யாரையோ பார்க்கும் கண்ணாக இருந்தது.

"ஃபஹ்மிதாக்கா," என்றான். "நீங்க எங்க இங்க?"

"உங்களைத்தான் மறுபடியும் விசாரிக்க வந்திருக்கோம்," என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "தம்பி, மதகடியில ஒரு அம்மா உனக்குத் தண்ணி கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க சார். நான் வாங்கலை. வயித்துல இடமில்லை. அவங்க தலையில ஊத்திவிட்டாங்க, சுகமா இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம், அம்சத்தைக் கூட்டி வர வேண்டாம் என்றும், மதகடிக்குப் போய் அந்தம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வரும்படியும் சொன்னார். பத்துப் பேர் பார்க்கிற மாதிரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கும்படி, ஃபஹ்மிதா பின்னாலேயே போய் அந்தக் கான்ஸ்டபிளிடம் சொன்னாள்.

கதவு திறந்தது. ஜன்னத் பீவி கண்ணீரோடு நின்றாள். "மாப்பிள்ளைக்கு முழிப்பு வந்துடுச்சா? நாக்கு வறண்டிருக்குமே, ஒரே ஒரு டம்ளர்..."

ஃபஹ்மிதா மாமியைத் தோளோடு அணைத்துத் திருப்பி, வராந்தாவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

பஞ்சநதம் விடுகிற ஆளில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். சிங்கப்பூர் பார்ட்டி எந்நேரமும் வந்துவிடலாம். அதற்குள் ஒரு வாக்கியமாவது தேற்றியாக வேண்டும். இளையபெருமாளும் காதைத் தீட்டிக்கொண்டார். வாசல்படியில் டாக்டர் நின்றார். ஓடுகிறவனுக்கு விஞ்ஞான பானமா, வெறும் தண்ணீரா என்ற உலகளாவிய கேள்விக்கு, அனுபவித்த ஒருவனின் வாயிலிருந்தே விடை வரப்போகிறது.

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. நேத்து அவ்வளவு தூரம் ஓடினியே. உன் தாகத்தைத் தீர்த்தது எது? தண்ணியா, சோழா சார்ஜா?"

சமீர் யோசித்தான்.

"எனக்குத் தாகமே எடுக்கலைங்க," என்றான்.